எல்லாப் பிள்ளைக்கும் தொண்டை ஸ்வாப் எடுக்கணுமா?

நாங்குநேரி வாத்தியார்:
தொண்டைத் தொற்றுக்குப் பின்னால வர்ற ருமாட்டிக் காய்ச்சல்ல இதய வால்வு கெட்ட பிறகு எக்கோ, ஆபரேஷன்னு அலையுறதைவிட, ஜூன்ல பள்ளி திறந்ததும் எல்லாருக்கும் தொண்டையில பஞ்சுக் குச்சியால தேய்ச்சு ஸ்வாப் எடுத்து, அந்தத் தொற்றைக் கொடுக்கிற ஏ குரூப் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இருந்தா 10 நாள் அமாக்சிசிலின் ஆன்டிபயாட்டிக் கொடுத்துட்டா என்ன? மருந்து மலிவுதானே.

பாளை லேப்:
கணக்கு இடிக்குது சார். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தா, தொண்டைவலியே இல்லாத பிள்ளைகள்ல சுமார் 12 சதவீதம் பேர்கிட்ட இந்தக் கிருமி இருக்கு. 400 பேர் படிக்கிற பள்ளியில 48 பேர். இவங்க வெறும் கேரியர், அதாவது நோயில்லாம கிருமியை வச்சிருக்கிறவங்க. மாசக்கணக்குல சுமப்பாங்க, அடுத்தவங்களுக்குப் பரப்புறதும் குறைவு. அமாக்சிசிலின் கொடுத்தாலும் பலபேருக்குக் கிருமி போகாது.

நாங்குநேரி வாத்தியார்:
குறைவுன்னா இல்லவே இல்லைன்னு ஆகுமா? ருமாட்டிக் வந்த பிள்ளைகள்ல கணிசமானவங்களுக்குத் தொண்டைவலி வந்த ஞாபகமே இல்லைன்னு டாக்டர்களே சொல்லுதாவ.

பாளை லேப்:
அது வெளியே தெரியாத புதுத் தொற்று, கேரியர் இல்லை. ஒரு ஸ்வாப் ரெண்டையும் பிரிச்சுச் சொல்லாது. இந்தக் கிருமிக்கு எதிரா ரத்தத்துல உண்டாகுற ஏஎஸ்ஓ அளவை ரெண்டு மூணு வாரம் விட்டு மறுபடி பார்த்து, ஏறியிருக்கான்னு பார்க்கணும். மருந்து பலிக்கிறதோ தொற்று தொடங்கி 9 நாளுக்குள்ள. ஜூன் ஸ்வாப், ஐப்பசி மழையில வர்ற தொற்றை எப்படிப் பிடிக்கும்?

அம்பை சிஸ்டர்:
ஸ்வாப் யாருக்குன்னு பாருங்க: 38 டிகிரிக்கு மேல காய்ச்சல், தாடைக்குக் கீழ வலிக்கிற நெறி, டான்சில் வீக்கம் அல்லது வெள்ளைப்படலம், இருமல் இல்லை. மூக்கொழுகி இருமுற பிள்ளைக்குப் பெரும்பாலும் வைரஸ்தான். நாக்கை அழுத்திப் பிடிச்சு, ரெண்டு டான்சில், பின்சுவர் மூணுலயும் சுழற்றித் தேய்க்கணும். பிள்ளை ஓங்கரிச்சதும் நாக்குல தடவிட்டு வந்தா நெகட்டிவ்தான் வரும். ஆன்டிபயாட்டிக் தொடங்கு முன்னே எடுக்கணும்.

பாளை லேப்:
சிஸ்டர் சொன்னதோட ஒண்ணு: ஸ்வாப்ல வந்த கிருமியை வளர்க்கிற பிளட் அகாருக்கு 5 சதவீதம் செம்மறி ஆட்டு ரத்தம் வேணும். ரத்த வங்கியில காலாவதியான ரத்தத்தை ஊத்துனா, கிருமி ரத்தத்தைக் கரைக்கிற ஹீமோலிசிஸ் சரியா தெரியாது. ஒரு நாள்ல வளரலைன்னா 48 மணி நேரம் பார்க்கணும். ஏ குரூப்தானான்னு பார்க்கப் பேசிட்ராசின் மருந்து வட்டை மட்டும் நம்பாதீங்க, சி, ஜி குரூப் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் சிலசமயம் ஏமாத்தும், பிஒய்ஆர்ங்கிற நொதிச் சோதனையும் போடணும்.

அம்பை சிஸ்டர்:
ஸ்வாப்புக்குச் செலவழிக்கிற ஆளையும் காசையும் ஏற்கெனவே ருமாட்டிக் வந்த பிள்ளைகளுக்கு அது மறுபடி வராம போடுற ஊசிக்குத் திருப்புங்க. பென்சத்தீன் பெனிசிலின் 12 லட்சம் யூனிட், 27 கிலோவுக்குக் கீழன்னா 6 லட்சம். 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை. மருந்து கெட்டி, மெல்லிய ஊசியில அடைச்சுக்கும். 21 கேஜ்ல மெதுவா ஏத்தணும். ஒவ்வாமை வந்தா உடனே போட அட்ரினலின் பக்கத்துல இருக்கணும். வலிக்குப் பயந்துதான் பிள்ளைகள் நடுவுல நின்னுடுது.

நாங்குநேரி வாத்தியார்:
ஊசி விஷயம் சரி. ஆனா அப்படி ஒரு பிள்ளை இருக்கிற வீட்டுல கூடப்பொறந்தவங்களுக்காவது ஸ்வாப் வேணும், அதுல விடமாட்டேன்.

பாளை லேப்:
அதை யாரு வேண்டாம்னா? அங்க கேரியரையும் சுத்தப்படுத்தலாம், கிளிண்டமைசின் 10 நாள். வயித்தால போகுற மருந்து சார், பள்ளிக்கூடம் முழுக்கக் கொடுத்துப் பார்க்காதீங்க.