சாதாரண நாளில் கண்ட நன்மைகள்: சிலருடைய அனுபவங்கள்

சாட்சி சொல்லுங்கள் என்றால் விபத்தில் தப்பியது, வேலை கிடைத்தது, டாக்டர் கைவிட்ட நோய் குணமானது என்று பெரிய விஷயங்களைத்தான் சொல்கிறோம். அதில் தப்பில்லை. ஆனால் பெரிதாக ஒன்றும் நடக்காத ஒரு நாளில் கர்த்தர் செய்த நன்மை உங்கள் கண்ணில் பட்டதுண்டா? யாரைச் சந்தித்ததால் பட்டது? அப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மைத்துனருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். துணைக்கு நான் போவேன். பக்கத்துப் படுக்கைக்கு ஒரு பெரியவர் வருவார், ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்ல விசுவாசி. ஒருநாள் அவரோடு பேசிக்கொண்டிருந்தவன், "ஒரு நிமிஷம் ஐயா, பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்று எழுந்துபோனேன். திரும்பி வந்ததும் கேட்டார்: "தம்பி, ஸ்தோத்திரம் சொன்னீங்களா?"

எதற்கு என்று விழித்தேன். "இப்ப போயிட்டு வந்தீங்களே, அதுக்குத்தான்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருக்குச் சிறுநீர் நின்றே பல வருஷம் ஆகிறது. குடிக்கிற தண்ணீரையும் அளந்துதான் குடிக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றிப் படித்தேன். நல்ல நிலையில் இருக்கும் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை, இரண்டு லிட்டரை மட்டும் வெளியே அனுப்புகின்றன. நான் தூங்கும்போதும் இது நடக்கிறது. பழுதாகியிருந்தால் உபவாசம் இருந்து ஜெபித்திருப்பேன். ஓடிக்கொண்டிருப்பதால் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. யூதர்கள் கழிப்பறைக்குப் போய்வந்த பின் சொல்வதற்கென்றே ஒரு ஸ்தோத்திர ஜெபம் வைத்திருக்கிறார்கள், அவர்களுடைய பழைய மத நூலான தால்முத் காலத்திலிருந்தே. உடம்பில் திறந்திருக்கவேண்டியது ஒன்று அடைத்துக்கொண்டாலோ, மூடியிருக்கவேண்டியது ஒன்று திறந்துகொண்டாலோ உமக்கு முன்பாக நிற்கமுடியாது என்று அதில் வரும். நம் சபையில் இதை மேடையில் சொன்னால் பாதிப்பேர் நெளிவார்கள். "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" (சங்கீதம் 103:2) என்று பாடியவர் நெளிந்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

* * *

சகோதரர் சொன்ன பெரியவரை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்லியே ஆகவேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நோயில் இருக்கிற அவரே தன் வாயால் சொன்னதால்தான் அது அழகு. அதையே நாம் எடுத்துக்கொண்டு, "பாருங்கள், சிலருக்கு இதுகூட முடியவில்லை, நமக்கு எவ்வளவோ மேல், ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தால் வேறு இடத்தில் போய் முடியும். "மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்." லூக்கா 18-ல் இயேசு சொன்ன கதையில், தன்னை நீதிமான் என்று நம்பின பரிசேயன் சொன்னதும் ஸ்தோத்திர ஜெபம்தான். நீதிமானாக வீட்டுக்குத் திரும்பிப்போனது அவன் இல்லை, வரி வசூலிக்கிற அந்த ஆயக்காரன்தான்.

எனக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. பார்க்க வந்த ஒரு அக்கா, "உனக்கு மூத்தது ஒண்ணு இருக்கே, அதுகூட இல்லாதவங்க எத்தனைபேர், அதை நினைச்சு ஸ்தோத்திரம் பண்ணு" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதற்குப் பிறகு வெகுநாள் வரைக்கும் ஆராதனையில் ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரவில்லை. எனக்குக் குழந்தை இருப்பது குழந்தை இல்லாதவர்களை வைத்து எனக்குக் கிடைத்த ஆறுதல் என்றால், அவர்களுக்கு ஆறுதல் யாரை வைத்து?

அப்புறம் எங்கள் போதகரின் அம்மா வந்தார். எண்பதைத் தாண்டியவர். கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு வேதாகமத்தைத் திறந்து 88-ம் சங்கீதத்தை வாசித்தார். எடுத்து வாசித்துப் பாருங்கள். கடைசிவரைக்கும் ஒரு நம்பிக்கை வார்த்தைக்குக்கூட திரும்பாமல், "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்" என்கிற முறையீட்டோடு அப்படியே நின்றுவிடும். "இதுவும் வேதத்துலதான் இருக்கும்மா. இப்போதைக்கு இதையே ஜெபி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

சில மாதம் கழித்து அவரே ஒருநாள், "77-க்கு வருவோமா?" என்று கேட்டார். அந்தச் சங்கீதத்தின் முதல் பாதி முழுக்கக் கேள்விதான். "தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ?" என்றுகூட அதைப் பாடிய ஆசாப் கேட்டுவிடுகிறார். அதன் பிறகே, "கர்த்தருடைய செயல்களை நினைவுகூருவேன்" என்கிறார். எதை நினைவுகூருகிறார் தெரியுமா? தன் வீட்டையோ தன் சுகத்தையோ அல்ல. தான் பிறப்பதற்குப் பல தலைமுறைக்கு முன்னால் ஜனங்கள் கடலைக் கடந்த கதையை. தன் வாழ்க்கையில் நல்லதாக எதுவும் கண்ணில் படாத நேரத்தில் அவருக்குப் பிடித்துக்கொள்ள அது இருந்தது. எனக்கும் அந்த வழியாகத்தான் திரும்பி வர முடிந்தது. என்னிடம் இருப்பவைகளை எண்ணிப் பார்த்து வரவில்லை, சிலுவையை நினைத்துத்தான் வந்தேன். வீட்டில் இருக்கிற நன்மைகள் அதற்கு அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தன.

* * *

மேலே சகோதரி எழுதியதைப் படித்துவிட்டு உடனே எழுதக் கை வரவில்லை. என்னுடையது லேசான விஷயம்.

எங்கள் வார ஜெபக்கூட்டத்தில் ஜெபக் குறிப்பு கேட்டால் தாள் நிறைந்துவிடும். ஸ்தோத்திரக் குறிப்பு கேட்டால், "பிரயாணத்தில் பாதுகாத்தார்" என்று ஒரு வரி வரும், அதோடு சரி. புதிதாகப் பொறுப்பெடுத்த அக்கா ஒரு வாரம் பழைய தாள் ஒன்றோடு வந்தார். ஒவ்வொரு குறிப்பாக வாசித்து, "இது என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

முதலாவது, ஒரு தம்பியின் விசா. அவன் போய்ச் சேர்ந்து அங்கிருந்து போட்டோவெல்லாம் அனுப்பிவிட்டான். நாங்களும் பார்த்து லைக் போட்டோம். ஸ்தோத்திரம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அடுத்தது, ஒரு அம்மாவின் கண் ஆபரேஷன். அந்த அம்மாவே முன்வரிசையில் உட்கார்ந்து, கொஞ்சநேரத்துக்கு முன்புதான் பாட்டுப்புத்தகத்தைப் பார்த்துப் பாடியிருந்தார். "அட, ஆமால்ல!" என்றார். இன்னொன்று யார் கொடுத்த குறிப்பு என்றே யாருக்கும் ஞாபகமில்லை, கொடுத்தவர் உட்பட. சிலவற்றுக்குப் பதில் வரவில்லை. அக்கா அவற்றை மழுப்பவில்லை. "இது இன்னும் இருக்கு" என்று புதுத் தாளில் முதலாவதாக எழுதிக்கொண்டார்.

இயேசு சுகமாக்கின பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன்தான் நன்றி சொல்லத் திரும்பி வந்தான், அவனும் யூதர்கள் அந்நியனாக ஒதுக்கிய சமாரியன். மற்ற ஒன்பதுபேரும் நன்றிகெட்டவர்கள் என்று பிரசங்கம் கேட்டே வளர்ந்தவன் நான். இப்போது அவர்கள்மேல் அவ்வளவு கோபம் வருவதில்லை. ஆசாரியர்களிடம் போய்க் காட்டுங்கள் என்று சொன்னதே இயேசுதான். போயிருப்பார்கள். அதற்குப் பிறகு வீடு, பிள்ளைகள், விட்டுப்போன வேலை... நல்லபடியாக இருக்கிற மும்முரத்திலேயே மறந்திருப்பார்கள். கஷ்டத்தில் கர்த்தரைத் தேட யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. உபாகமம் 8-ல் மோசே ஜனங்களை எச்சரிப்பதும் வனாந்தரத்தைக் குறித்து அல்ல, நல்ல வீடு கட்டிக் குடியேறிய பிறகு வரப்போகிற மறதியைக் குறித்துத்தான்.

எங்கள் கூட்டம் இப்போது பழைய தாளில்தான் தொடங்குகிறது. நேரம் இழுக்கிறது என்று சிலருக்குக் குறை. இழுக்கட்டுமே.

* * *

நான் கத்தோலிக்கப் பெண். அன்றைய நாளை ஆண்டவர் முன்பாகத் திரும்பிப் பார்க்கிற ஆன்ம ஆய்வு என்று எங்களுக்கு இரவில் ஒரு ஜெபம் உண்டு. சேசு சபை என்கிற துறவற சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் கற்றுத்தந்த முறையில் அதற்கு ஐந்து படிகள். ஆய்வு என்றதும் பாவங்களைத் தேடுவதுதான் முதலில் வரும் என்று நினைப்போம். இல்லை, பெற்ற நன்மைகளுக்கு ஆண்டவருக்கு நன்றி சொல்வதே முதல் படி.

ஒரு தியானத்தில் எனக்கு வழிகாட்டிய அருள்சகோதரியிடம் என் நன்றிகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். குடும்பத்துக்காக, ஆரோக்கியத்துக்காக, வேலைக்காக. பாதியில் நிறுத்தினார். "இது நேத்தும் சொல்லியிருப்பீங்க. இன்னைக்கு நடந்ததைச் சொல்லுங்க. யார் வழியா வந்துச்சு?"

யோசிக்கவேண்டியிருந்தது. லிஃப்ட் ஓடவில்லை என்று படியேறிக்கொண்டிருந்தபோது மேல்மாடிப் பையன் ஒருவன் பேசாமல் என் பையை வாங்கிக்கொண்டு ஏறினான். சொன்னேன். "அவன் பேரு என்ன?" தெரியாது. பல வருஷமாக ஒரே கட்டடத்தில் இருக்கிறோம்.

அவர் யோசேப்பின் கதையை எடுத்தார். சிறையில் தனக்குக் கனவின் பொருளைச் சொன்ன யோசேப்பை எகிப்து மன்னன் பார்வோனின் பானம் பரிமாறுகிறவன் மறந்துவிட்டான். யோசேப்பு மேலும் இரண்டு ஆண்டு உள்ளேயே கிடந்தார். "நாம ஆண்டவருக்கு நன்றி சொல்லிட்டு, அவர் அனுப்பின ஆளை விட்டுடறோம்" என்றார். பையனின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இப்போது இரவு ஜெபத்தில் பெயர்கள்தான் அதிகம் வருகின்றன.

* * *

நான் இரவு ஷிப்ட். "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்கிற புலம்பல் 3:23 எனக்குப் பிடித்த வசனம், ஆனால் என் காலை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வரும். எருசலேம் இடிந்துகிடந்தபோது பாடின வசனம் அது. கடிகாரம் பார்த்துப் பாடியிருக்கமாட்டார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வேன்.

பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் முன் மெஷின் பக்கத்தில் நின்று ஒரு நிமிஷம் கண்ணை மூடுவேன். கை கால் வேலை செய்கிறது, போன ராத்திரி யாருக்கும் அடிபடவில்லை, அவ்வளவுதான் ஜெபம். எனக்கு ஷிப்ட் மாற்றிக்கொடுப்பவர் வேறு மதத்தவர். ஒருநாள் நான் தாமதமாக ஓடிவந்து நேராக ஸ்விட்சில் கை வைத்தேன். தடுத்துவிட்டார். "உங்க ஆளுக்கு இன்னும் சொல்லலையே. நீங்க சொல்லாம ஆரம்பிச்சா எனக்கு ஒரு மாதிரியா இருக்குங்க" என்று அங்கேயே நின்றார். சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

அன்றைக்கு என்று பார்த்து மெஷின் ராத்திரி முழுக்கத் தகராறு. காலையில் வேலைக்கு வந்தவர் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்படி என்னதான் சொன்னீங்க?" என்று கேட்டார்.