சின்ன கமர்ஷியல் கட்டடத்தின் மாடிப்படி: பார்த்ததும் பட்டதும்

ஈரோட்டுக்காரன்

கீழே இரண்டு கடை, மேலே இரண்டு மாடி ஆபீஸ் வாடகைக்கு. இப்படி ஒரு கட்டடம் ஆரம்பிக்கப் போகிறேன். மாடிக்குச் சுமார் 900 சதுரடி கிடைக்கும். படிக்கு மூன்றடி அகலம் தாராளம் என்கிறார் மேஸ்திரி. பிளான் போடும் பொறியாளர் ஐந்தடி கேட்கிறார். "ஐந்தடி படியை யாருக்கு வாடகைக்கு விடப் போறீங்க மாப்ள?" என்று மச்சான் கிண்டல் செய்கிறார். கட்டியவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், யாராக இருந்தாலும் நடந்ததைச் சொல்லுங்கள். விதியைத் தேடிப் படித்துக்கொள்ளலாம். கட்டி முடித்த பிறகு படிக்கு என்ன ஆகிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

பிளான் பொறியாளர், கோவை

மச்சான் கேள்வி நியாயமானதுதான், அதற்கு முதலில் கணக்கு சொல்லிவிடுகிறேன்.

தேசியக் கட்டட விதித் தொகுப்பு 2016, நான்காம் பகுதி. கடை, அலுவலகக் கட்டடங்களுக்குப் படியின் அகலம் குறைந்தது 1.5 மீட்டர். டிரெட், அதாவது கால் வைக்கும் பகுதியின் ஆழம், 300 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ரைசர், அதாவது ஒரு படியின் உயரம், 150 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. தளத்துக்குத் தளம் 11 அடி, அதாவது சுமார் 3.3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 ரைசர் வரும். பாதிப் பாதியாகப் பிரித்து, நடுவில் ஒரு லேண்டிங் (படி திரும்பும் இடத்துச் சமதளம்), மேலே ஒரு லேண்டிங் போட்டால் 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். சுவர் சேர்க்காமலே 194 சதுரடி. உங்கள் மாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்.

மேஸ்திரி சொல்லும் படி? மூன்றடி அகலம், ஏழு அங்குல ரைசர், பத்து அங்குல டிரெட். 81 சதுரடியில் முடிந்துவிடும். வித்தியாசம் 113 சதுரடி. சதுரடி 40 ரூபாய் வாடகை என்றால் மாடிக்கு மாதம் 4,500 ரூபாய். எல்லாச் சண்டையும் இந்த 4,500 ரூபாயைச் சுற்றித்தான்.

"இது பரிந்துரைதானே சார்" என்று கட்ட வருபவர்கள் கேட்பது வழக்கம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிடும்போது பரிந்துரைதான். மாநில விதி அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டால் கட்டாயம் ஆகிவிடும். இங்கே 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைப் பார்க்க வேண்டும். அதில் 18.30 மீட்டர் வரை உள்ள கட்டடம் 'உயரமான கட்டடம்' என்ற கணக்கில் வராது. உடனே, "அப்போ நமக்கு ஒண்ணும் கிடையாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கூடுதல் கெடுபிடிகள் சில இல்லை, அவ்வளவுதான். ஆள் இறங்க வழி வேண்டும் என்பது இரண்டு மாடிக் கட்டடத்துக்கும் உண்டு.

இன்னொன்று. படியில் ஓர் ஆளுக்கு 10 மி.மீ. அகலம் என்பது தொகுப்பின் கணக்கு. 1.5 மீட்டர் படியில் 150 பேர். மூன்றடிப் படியில் 90 பேர். ஆபீஸ் என்று பிளானில் எழுதி, பிறகு டியூஷன் சென்டருக்கோ ஜிம்முக்கோ விட்டால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அலுவலகத்துக்கு 10 சதுர மீட்டருக்கு ஓர் ஆள், கல்விக்கூடத்துக்கு 4 சதுர மீட்டருக்கு ஓர் ஆள் என்று போடச் சொல்கிறது தொகுப்பு. நடைமுறையில் ஒரு டியூஷன் ஹாலில் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மாடி டீச்சர், திண்டுக்கல்

என்னைத்தான் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன் சார். இரண்டாவது மாடியில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன்.

நான் வாடகைக்குப் பார்க்கப் போனபோது படி நல்ல அகலமாகத்தான் இருந்தது. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு கீழே இருக்கும் கடைக்காரர் லேண்டிங்கில் நான்கு அட்டைப்பெட்டி வைத்தார். "பத்து நாள்தாம்மா, சரக்கு போயிடும்." சரக்கு போனது, பொங்கல் சரக்கு வந்தது. பிறகு பெட்டிகளுக்கு மேல் ஒரு பழைய பிளைவுட் பலகை, அதன் மேல் பில் புத்தகக் கட்டு, பக்கத்தில் பையன்கள் டீ குடிக்க ஒரு ஸ்டூல். சாயங்காலம் ஆறரைக்கு ஒரு பேட்ச் இறங்கும், இன்னொரு பேட்ச் ஏறும். பெட்டிப் பக்கம் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். பிள்ளைகள் பையை முதுகிலிருந்து கழற்றி முன்னால் பிடித்துக்கொண்டு, சுவரில் ஒட்டி நகர்வார்கள்.

உரிமையாளரிடம் சொன்னேன். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க மேடம்" என்றார். கடைக்காரரிடம் சொன்னால், "அண்ணன்கிட்ட கேட்டுத்தானே வச்சேன்" என்கிறார். கடைசியில் பெற்றோர் சிலர் கீழே போய்ச் சத்தம் போட்ட பிறகுதான் பெட்டிகள் நகர்ந்தன. எனக்கும் கடைக்காரருக்கும் இப்போதும் பேச்சுவார்த்தை இல்லை. பரவாயில்லை.

ஈரோட்டு அண்ணாவுக்குச் சொல்வது இதுதான்: ஐந்தடி போடுங்கள். ஆனால் அந்த ஐந்தடி யார் பொறுப்பு என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற தீயணைப்பாளர்

டீச்சர் அம்மா செய்தது சரியான காரியம்.

பலர் நெருப்பை நினைத்துப் பயப்படுகிறார்கள். எங்கள் வேலையில் முதலில் பார்ப்பது புகையைத்தான். கீழே ஒரு மீட்டர் போர்டு எரிந்தால் போதும், நெருப்பு கீழேயே நிற்கும், புகை படிக்கூண்டு வழியாக நேரே மேலே ஏறிவிடும். அடைத்துக் கட்டிய படிக்கூண்டு புகைபோக்கி வேலையைத்தான் செய்யும். ஒவ்வொரு லேண்டிங்கிலும் வெளிச்சுவரில் அரை சதுர மீட்டர் திறப்பு கேட்கிறார்கள் என்றால் காரணம் அதுதான். அங்கே கண்ணாடியை நிரந்தரமாக ஒட்டி, மேலே விளம்பரப் பலகையையும் அடித்துவிடுகிறார்கள்.

டெல்லி முண்ட்காவில் 2022 மே 13 அன்று எரிந்தது நான்கு மாடி வணிகக் கட்டடம். வானளாவி எல்லாம் கிடையாது. 27 பேர் இறந்தார்கள். உள்ளே போகவும் வெளியே வரவும் இருந்தது ஒரே வழி. சூரத்தில் 2019 மே 24, கடைகள் இருந்த வளாகத்தின் உச்சியில் பயிற்சி வகுப்பு. மேல் தளத்துக்குப் போன படி மரத்தால் ஆனது. அது எரிந்த பிறகு பிள்ளைகளுக்கு ஜன்னல்தான் மிச்சம். 22 பேர் போனார்கள். நம் கும்பகோணத்தை யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. 2004 ஜூலை 16, 94 குழந்தைகள், இறங்குவதற்குக் குறுகலான படி.

என் பணிக்காலத்தில் ஒரு கடைவீதிக் கட்டடம். ஊர் வேண்டாம். இரவில் தீ. படியின் அடியில் கொலாப்சிபிள் கேட் (இழுத்து மடக்கும் இரும்புக் கதவு), உள்பக்கமாகப் பூட்டு. மேலே படுத்திருந்த காவலாளி கேட்டுக்கு வந்துவிட்டார், சாவியும் அவர் கையிலேயே இருந்தது. புகையில் பூட்டின் துளை தெரியவில்லை. நாங்கள் வெளியிலிருந்து வெட்டித்தான் எடுத்தோம், பிழைத்துக்கொண்டார். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால், தரையில் நான்கைந்து சாவி இருந்த வளையம், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். வெளியேறும் கதவை உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும் என்று விதியில் ஒரு வரி இருக்கும். ஷட்டரையும் வெளியேறும் கதவாக வைக்கக் கூடாது. அலுத்துப்போகிற மாதிரி எழுதியிருப்பார்கள், ஆனால் விஷயம் இந்த வளையம்தான்.

மொட்டை மாடிக் கதவும் அப்படித்தான். பூட்டாவிட்டால் பையன்கள் போய்க் குடிக்கிறார்கள் என்பார்கள். உண்மைதான். அதற்கு உள்ளிருந்து தள்ளினாலே திறக்கும் பேனிக் பார் போடுங்கள். வெளியே போனவன் போகட்டும், அலாரம் அடிக்கட்டும்.

டைல்ஸ், கிரானைட் வேலை

பெரிய விஷயம் எல்லாரும் பேசிட்டீங்க. நான் ஒரு சின்ன விஷயம் சொல்றேன்.

படிக்கு கான்கிரீட் போடும்போது எல்லா ரைசரையும் ஒரே அளவா போட்டுடுவாங்க. அப்புறம் கீழ்த் தரையில கலவை, அதுக்கு மேல டைல்ஸ்னு ரெண்டு அங்குலம் ஏறும். படியில வெறும் கிரானைட், முக்கால் அங்குலமும் கொஞ்சம் கலவையும். இப்போ முதல் படி மட்டும் குட்டையாயிடும். மேல் தளத்துல தரையைப் படியை விட எவ்வளவு அதிகமா ஏத்துறாங்களோ அந்த அளவுக்குக் கடைசிப் படி உசரமாயிடும். நடக்கிறவங்க கால் மூணாவது படியிலயே ஒரு உசரத்துக்குப் பழகிடும், கண் பார்க்காது. மாறின படியில கண்டிப்பா தடுக்கும். கூட்டமா இறங்கும்போது ஒருத்தர் விழுந்தா போதும்.

சென்ட்ரிங் (கான்கிரீட்டுக்கான பலகை) அடிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு தளத்துக்கும் ஃபினிஷ் லெவல், அதாவது டைல்ஸ் போட்டு முடிச்ச உசரம், என்னன்னு சுவத்துல குறிச்சு, அதுலேருந்து பின்னாடி கழிச்சுத்தான் படியைப் பிரிக்கணும். நல்ல மேஸ்திரி கேக்காமலே செய்வார். அப்புறம், கடைப் படிக்குப் பளபளன்னு பாலிஷ் போட்ட கிரானைட் வேண்டாம். ஓரத்துல ரெண்டு மூணு கோடு வெட்டச் சொல்லுங்க. மழைக்காலத்துல தெரியும்.

பனியன் பில்டிங், திருப்பூர்

உரிமையாளர் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டாமா?

ஐந்தடி போட்டுத்தான் கட்டினேன். வாடகைக்கு வருபவர் படியைப் பார்த்து ஒரு பைசா கூடுதலாகத் தருவதில்லை. "லிஃப்ட் இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். லிஃப்டை வெளியேறும் வழியாகக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். இன்ஸ்பெக்ஷனுக்கு வருபவர்களும் டேப் பிடித்து அகலம் பார்ப்பார்கள், தீயணைப்பான் சிலிண்டரில் தேதி பார்ப்பார்கள், போய்விடுவார்கள். அடுத்த வாரம் படியில் சரக்குப் பண்டல் ஏறிவிடும்.

ஒப்பந்தத்தில் எழுதுவதெல்லாம் இரண்டாவது மாதம் வரைதான். எனக்குப் பலித்தது வேறு. படிக்கு அடியில் இருக்கும் காலி இடத்தைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டேன். அங்கேதான் எல்லாம் ஆரம்பிக்கிறது: துடைப்பம், இன்வெர்ட்டர் பேட்டரி, ஸ்கூட்டருக்கு சார்ஜ். இடமே இல்லையென்றால் ஆசையும் இல்லை. கூடவே, ஒவ்வொரு தளத்திலும் ஆறடிக்கு நாலடியில் ஒரு ஸ்டோர் ரூம், கதவு படிப்பக்கம் இல்லாமல் உள்பக்கம். சரக்குக்கு இடம் கொடுத்த பிறகு படியில் வைத்தால்தான் நாம் சத்தம் போட முடியும்.

ஈரோட்டுக்காரன்

எல்லாருக்கும் நன்றி. ஐந்தடி என்று முடிவாகிவிட்டது, மச்சானுக்கு டீச்சர் பதிவைப் படித்துக் காட்டினேன். இன்னும் இரண்டு சந்தேகம். பக்கவாட்டு செட்பேக்கில் (கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலி இடத்தில்) ஒரு இரும்புச் சுழல் படி போட்டு, உள்படியை மூன்றரை அடியாகக் குறைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொல்கிறார். அப்புறம், ஈ.பி. மீட்டர் போர்டு. எல்லாக் கட்டடத்திலும் படிக்குக் கீழேதானே இருக்கிறது?

பிளான் பொறியாளர், கோவை

சுழல் படி வேண்டவே வேண்டாம். ஆள் நடமாட்டம் குறைவாக இருக்கும் இடத்தில், 9 மீட்டர் உயரத்துக்குள் மட்டும்தான் தொகுப்பு அதற்கு இடம் கொடுக்கிறது. வாடிக்கையாளர் வந்து போகும் கட்டடத்தில் உள்படிக்கு மாற்றாக அதைக் காட்ட முடியாது. புடவையோடு, கைக்குழந்தையோடு அதில் ஒருவர் அவசரமாக இறங்குவதை யோசித்துப் பாருங்கள். அனுமதி வரைபடத்தில் இல்லாத படியை செட்பேக்கில் இறக்கினால் அது தனி விதிமீறல். கட்டட நிறைவுச் சான்றுக்குப் போகும்போது பல்லைக் கடிக்க வேண்டிவரும்.

மீட்டர் போர்டு எல்லாக் கட்டடத்திலும் அங்கேதான் இருக்கிறது, எல்லாக் கட்டடத்திலும் தப்பாகத்தான் இருக்கிறது. படிக்கூண்டுக்குள் மின் பேனலும் கேஸ் குழாயும் கூடாது என்று தொகுப்பில் நேராகவே எழுதியிருக்கிறது. தீயணைப்பு ஐயா சொன்ன புகை ஞாபகம் இருக்கட்டும். முன்பக்க செட்பேக்கைப் பார்த்த வெளிச்சுவரில், மழை படாமல் மேலே ஒரு சன்ஷேடு போட்டு, மீட்டர் எடுக்க வருபவர் கை எட்டும் உயரத்தில் பெட்டி வையுங்கள். வயரிங் ஆரம்பிக்கும் முன்பே ஈ.பி. ஆபீஸில் இடத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். சுவர் எழும்பிய பிறகு கேட்டால், "பழையபடி படிக்குக் கீழயே வச்சிடலாம் சார்" என்று எலக்ட்ரீஷியன் சொல்வார், நீங்களும் சரி என்பீர்கள்.

திருப்பூர்க்காரர் சொன்ன ஸ்டோர் ரூமை இப்போதே பிளானில் சேர்க்கச் சொல்லுங்கள். கதவு எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து.