சென்சார் மாத்தியும் கூலன்ட் டெம்பரேச்சர் மைனஸ் 40 காட்டுது, என்ன பண்ணலாம்?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே, பெட்ரோல் கார். காலைல முதல் ஸ்டார்ட் உடனே பிடிச்சுக்குது, ஆனா கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திட்டு பத்து நிமிஷம் கழிச்சு சாவிய திருப்பினா இழுத்துக்கிட்டே இருக்கு, பிடிச்சதும் சைலன்சர்ல கருப்பு புகை, பெட்ரோல் நாத்தம். சில நேரம் சாவி ஆன் பண்ணதுமே ரேடியேட்டர் ஃபேன் வேற ஓட ஆரம்பிச்சிடுது. ஸ்கேனர்ல பி0118னு எரர் கோட் (கூலன்ட் சென்சார் சர்க்யூட்ல வோல்டேஜ் அதிகம்னு அர்த்தம்). மெக்கானிக் கூலன்ட் சென்சார் (இன்ஜின குளிர வெக்கிற திரவத்தோட சூட்ட அளக்கிறது) போச்சுன்னு புதுசு போட்டார், ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு, இப்ப மறுபடி அதே கதை. லைவ் டேட்டால 86 டிகிரி காட்டிட்டு இருக்கும்போதே திடீர்னு மைனஸ் 40னு குதிச்சு தானா திரும்பி வருது. இன்னொரு சென்சார் வாங்கணுமா?

பதில்:
வாங்காதீங்க ப்ரோ. அது சென்சார் அளந்து சொல்ற சூடு இல்ல, ஓபன் சர்க்யூட், அதாவது கரண்ட் போற வழி எங்கயோ அறுபடுது. ஈசியூ (இன்ஜின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) 5 வோல்ட் அனுப்பும், சென்சார் சூடாக ஆக அதோட ரெசிஸ்டன்ஸ் குறையும், வோல்டேஜும் இறங்கும், அத வெச்சுதான் கணக்கு போடுது. வயர் எங்கயாவது விட்டுப்போனா 5 வோல்ட் அப்படியே நிக்கும், ஈசியூவுக்கு அது கடுங்குளிர் மாதிரி தெரியும், சூடான இன்ஜினுக்கு பெட்ரோல அள்ளி ஊத்தும். கருப்பு புகை அதனாலதான். அப்புறம் ரீடிங்க நம்ப முடியாதுன்னு முடிவு பண்ணிட்டா இன்ஜின் கொதிச்சிடக்கூடாதுன்னு ஃபேன ஓட விட்டுடும்.

ரெண்டு பின் சென்சார்னா இத பண்ணுங்க: கனெக்டர கழட்டி, வயர் பக்கம் இருக்கிற ரெண்டு பின்னையும் சின்ன கம்பியால சேத்துட்டு ஸ்கேனர பாருங்க. 120, 130க்கு மேல எகிறினா வயரும் ஈசியூவும் சரி. மைனஸ் 40லயே நின்னா வயர்லயோ ஈசியூவுலயோதான் வியாதி. உங்களுக்கு விட்டு விட்டு வர்றதால கம்பிய அப்படியே வெச்சுட்டு வயர ஆட்டி ஆட்டி பாக்கணும், இது ரொம்ப முக்கியம்.

இன்னொரு பதில்:
அண்ணா சொன்னது சரி. சந்தேகம் தீர சென்சாரையும் மல்டிமீட்டர்ல பாத்துடுங்க, பெரும்பாலான வண்டில 20 டிகிரில 2000லேர்ந்து 3000 ஓம் வரை இருக்கும், 80 டிகிரி வந்தா 300 பக்கம் இறங்கிடும். ராத்திரி முழுக்க நின்ன வண்டில காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கூலன்ட் சூடும் இன்டேக் ஏர் (இன்ஜினுக்குள்ள போற காத்து) சூடும் கிட்டத்தட்ட ஒண்ணா காட்டணும், அதுவும் நல்ல செக். ஆனா தயவு செஞ்சு இன்ஜின் சூடா இருக்கும்போது சென்சாரையோ ரேடியேட்டர் மூடியையோ கழட்டாதீங்க, கொதிக்கிற கூலன்ட் மூஞ்சில அடிக்கும்.

தெர்மோஸ்டாட்டா (சூட்டுக்கு ஏத்த மாதிரி கூலன்ட்ட ரேடியேட்டருக்கு திறந்து விடுற வால்வு) இருக்குமா சார்னு சிலர் கேப்பீங்க, அது திறந்தே மாட்டிக்கிட்டா சூடு 70ஐ தாண்டாம மெதுவா ஏறும், இப்படி குதிக்காது.

கேள்வி கேட்டவர்:
பாத்துட்டேன் அண்ணா! கம்பி போட்டதும் ஸ்கேனர்ல 139 வந்துச்சு, கிளிப் கிட்ட வயர லேசா மடக்கினதும் மைனஸ் 40. கருப்பு டேப்ப பிரிச்சேன், வெளி உறை நல்லாத்தான் இருந்துச்சு, உள்ள செம்பு பச்சை பூத்து ஒரே ஒரு இழை தொட்டுக்கிட்டு இருந்துச்சு. சென்சார் மாத்தும்போது வயர் அசைஞ்சதுலதான் அந்த ரெண்டு நாள் நல்லா இருந்திருக்கு போல. வெட்டி சால்டர் பண்ணி ஸ்லீவ் போட்டாச்சு. கோட் அழிச்சிட்டு ஓட்டினேன், சூடா நிறுத்தி மூணு தடவ ஸ்டார்ட் பண்ணேன், தொட்டதும் பிடிக்குது. ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும்.