அலர்ட் டயலாகில் (திரையில் எழும்பும் சின்ன ஜன்னல்) மூணு எடிட்டெக்ஸ்ட் (எழுதும் பெட்டி) வைக்க முடியுமா?

போடிமெட்டு: ஏலக்காய் கொள்முதல் கடைக்கு ஆண்ட்ராய்டு ஆப், காட்லின்ல. பட்டனைத் தட்டினா டயலாக் வந்து தோட்டக்காரர் பெயர், எடை, கிலோ விலை மூணையும் கேக்கணும். டயலாக்கை உருவாக்கற பில்டர்ல, உள்ளே காட்ட வேண்டியதைக் கொடுக்கற செட்வியூவை மூணு தடவை கூப்பிட்டேன், கடைசியா கொடுத்த விலைப் பெட்டி மட்டும்தான் தெரியுது. ஏன்?

எடைத்தட்டு: செட்வியூ ஒரே ஒரு வியூவைத்தான் (திரையில தெரியற உறுப்பு) வச்சுக்கும். அடுத்தது வந்தா முந்தினது போயிடும். செங்குத்தான லீனியர்லேஅவுட்ல மூணையும் அடுக்கி, அந்த லேஅவுட்டை ஒரே தடவை கொடுங்க. பக்கவாட்டுல 24 டிபி (திரை அடர்த்திக்கு ஏத்தபடி மாறுற அளவு) பேடிங் (உள் இடைவெளி) வேணும், இல்லன்னா பெட்டி ஓரத்துல ஒட்டிக்கும். கோட்ல செட்பேடிங் போட்டா அது பிக்சல் கணக்கு, டிபியைத் திரையோட டென்சிட்டியால பெருக்கிக்கங்க. லேஅவுட்டை எக்ஸ்எம்எல் ஃபைல்ல எழுதியிருந்தா, பெட்டிகளை இன்ஃப்ளேட் பண்ணின (ஃபைல்ல இருந்து உருவாக்கின) வியூவுக்குள்ள தேடுங்க. ஆக்டிவிட்டில (ஆப்போட முழுத் திரை) தேடினா 'நல்' (null, அதாவது ஒண்ணுமில்ல) தான் வரும்.

போடிமெட்டு: வந்துடுச்சுண்ணே. ஆனா எடையைக் காலியா விட்டு 'சேமி' தட்டினாலும் டயலாக் மூடிக்குது. ரெண்டாவது தடவை திறந்தா, வியூவுக்கு ஏற்கனவே பேரண்ட் (அதைத் தாங்கற வியூ) இருக்குன்னு கிராஷ்.

கம்பம்_கோடு: 'சேமி' மாதிரி பாசிட்டிவ் பட்டனோட குணமே அது. உங்க லிஸனர் (தட்டினா ஓடற கோடு) என்ன சொன்னாலும் மூடிடும். செட்பாசிட்டிவ்பட்டன்ல லிஸனருக்கு நல் கொடுங்க. ஷோ பண்ணின பிறகு கெட்பட்டன்ல அதை எடுத்து சொந்த லிஸனர் மாட்டுங்க, மூணும் சரியா இருந்தா மட்டும் டிஸ்மிஸ் பண்ணி மூடுங்க. ஷோவுக்கு முன்னாடி கெட்பட்டன் நல்தான் தரும்.

கிராஷுக்குக் காரணம், பழைய வியூவையே திரும்பக் கொடுக்கறது. ஒவ்வொரு தடவையும் புதுசா இன்ஃப்ளேட் பண்ணுங்க.

எடைத்தட்டு: வெறும் ஹிண்ட்டை (பெட்டிக்குள்ள மங்கலா தெரியற குறிப்பு) நம்பாதீங்க, எழுத ஆரம்பிச்சதும் மறைஞ்சிடும். 12.350, 2400ன்னு ரெண்டு எண் மட்டும் நின்னா எது எடை, எது விலை? டெக்ஸ்ட்இன்புட்லேஅவுட்டுக்குள்ள வச்சா தலைப்பு மேல ஏறி நிக்கும். எடைக்கு இன்புட் டைப் நம்பர்டெசிமல் (புள்ளியோட எண்) வைங்க. அதுலயும் ஒத்தைப் புள்ளி மட்டும் அடிச்சுட முடியும், அதனால எண்ணா மாத்த முடியலன்னா நல் தர்ற டூடபிள்ஆர்நல்தான் பாதுகாப்பு.

கம்பம்_கோடு: பெயர்ப் பெட்டியில ஒவ்வொரு எழுத்தையும் இஸ்லெட்டர் (எழுத்துதானான்னு பார்க்கற ஃபங்ஷன்) வச்சு சோதிக்காதீங்க. கேரளாவுல இருக்கற குமுளி, வண்டன்மேடு ஆளுங்க பெயரை மலையாளத்துலயும் அடிப்பாங்க. தமிழ்க் கால், கொம்பு மாதிரி மலையாளக் குறிகளும் யூனிகோடுல எழுத்துக் கணக்குல வராது, நல்ல பெயரையே தப்புன்னு தள்ளும். காலியா இல்லையான்னு பார்த்தா போதும்.

போனைத் திருப்பும்போது அடிச்சது அழியாம இருக்க டயலாக்ஃப்ராக்மெண்ட்டுக்கு (திருப்பினாலும் டயலாக்கோட நிலையைக் காப்பாத்தற வகை) மாத்துங்க, மூணு பெட்டிக்கும் தனித்தனி ஐடி கட்டாயம். சின்னத் திரையில கீபோர்டு விலைப் பெட்டியை மறைச்சா லேஅவுட்டை ஸ்க்ரோல்வியூவுல (உருட்டிப் பார்க்கற வியூ) போடுங்க.