டர்பனில் முதலாண்டு கால்குலஸ் டியூட்: எல்லோரும் ஒரே தப்பான விடை, காரணம் தெரியவில்லை

நெல்லைக்காரி:
வணக்கம். டர்பனில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பிப்ரவரியிலிருந்து வாரத்தில் 2 டியூட் (பயிற்சி வகுப்பு) எடுக்கிறேன். 30 பேர், பெரும்பாலும் ஜூலு பேசும் பிள்ளைகள். நேற்று y = x² + 1 வளைவரையைப் போட்டு, (2,5) என்ற புள்ளியில் தொடுகோட்டின் சாய்வு கேட்டேன். விடை 4. முக்கால்வாசிப் பேர் 5 என்று எழுதியிருந்தார்கள். முதலிலிருந்து வகையிட்டுக் காட்டி, "புரிந்ததா?" என்றேன். "யெஸ் மேம்" என்றார்கள். அடுத்த கணக்கிலும் அதே கதை. ராத்திரி தூக்கமே இல்லை. வெள்ளிக்கிழமை மறுபடி போகணும். எங்கே தப்பு?

வெஸ்ட்வில் அக்கா:
பிள்ளைகள் மேல் தப்பே இல்லைம்மா. இங்கே பள்ளிக்கூடத்தில் தசமத்துக்குக் காற்புள்ளிதான். நம்ம 2.5 அவர்களுக்கு 2,5. புள்ளியைக் குறிக்கும்போது நடுவில் அரைப்புள்ளி வைத்து (2; 5) என்று எழுதுவார்கள். நீ எழுதியதை x = 2,5 என்று படித்திருக்கிறார்கள். வகையிட்டால் வரும் 2x எவ்வளவு? 5! வகையிடல் அவர்களுக்கு நன்றாகவே வருகிறது. போனதும் முதல் வேலையாக, குழப்பியது உன் எழுத்து என்று சொல்லிவிடு.

"புரிந்ததா?" என்று கேட்காதே. 6 வருஷம் டியூட் எடுத்தேன், ஒரு பிள்ளைகூட "இல்லை" என்று சொன்னதில்லை. இரண்டிரண்டு பேராக ஜூலுவிலேயே பேசிப் போடட்டும். நீ மேசை மேசையாகப் போய் நோட்டைப் பார். கொஞ்சம் ஜூலுவும் கேட்டுக் கற்றுக்கொள். ஒன்பதுக்கு அவர்கள் சொல்லும் இசிஷியாகலோலுன்யே என்ற சொல்லில், ஒரு விரலை விட்டுவிடுவது என்ற பொருள் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாட்ஸ்வொர்த் வாத்தியார்:
திருத்தும்போதும் கவனம் தங்கச்சி. மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) கணக்குத் தாளில் ஒரு படியில் சறுக்கினால் அந்த மதிப்பெண் மட்டும்தான் போகும். அந்தத் தப்பு எண்ணை வைத்தே மேற்கொண்டு முறையாகச் செய்திருந்தால் மீதி கிடைக்கும். திருத்துவோருக்கான விடைக்குறிப்பான மெமோவில் அதற்கு 'சிஏ' (consistent accuracy) என்று குறி. அதற்குப் பழகிய பிள்ளைகளிடம் கடைசி விடை தப்பென்று மொத்தத்தையும் அடித்துவிட்டால் மனசு உடைந்துபோகும்.

நெல்லைக்காரி:
போய்விட்டு வந்தேன் அக்கா. அரைப்புள்ளி போட்டு எழுதி, அன்றைய குழப்பத்துக்கு நான்தான் காரணம் என்றேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் பழைய தாளை எடுத்து வந்து நீட்டினான்: 2 × 2,5 = 5, கீழே இரண்டு கோடு. "அப்போ இது சரிதானே மேம்?" பச்சைப் பேனாவால் டிக் போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு மூன்று பேர் தாமாகவே பலகைக்கு வந்தார்கள்.

வாத்தியார் அண்ணா, திருத்திய 30 தாளையும் திரும்ப வாங்கியிருக்கிறேன். இன்று ராத்திரி சிஏ பார்த்து மறுபடி கூட்டணும்.