மறுமொழி: சாக்ஸபோன் கலைச்சொற்கள் – எம்பூஷருக்கு ‘உதட்டணை’

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சாக்ஸபோன் ஊதும்போது வாய் அமையும் நிலையை ஆங்கிலத்தில் எம்பூஷர் என்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஒன்பது மடல்கள் வந்திருக்கின்றன. அத்தனைக்கும் நன்றி. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு சனிக்கிழமை வகுப்புக்கு எடுத்துப் போனேன். கருவி கையில் இருக்கும்போது ஒவ்வொரு சொல்லையும் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். இரண்டு வருடமாக ஆல்டோ சாக்ஸபோன் கற்றுக்கொள்கிறேன். ஆசிரியர் மங்களூர்ப் பக்கத்துக்காரர். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லித்தருவார். என்னோடு ஐந்து பிள்ளைகள் படிக்கிறார்கள், அதில் மூவர் தமிழ்ப் பிள்ளைகள். ஒரு பையனின் அப்பா கிருஷ்ணகிரியிலிருந்து வந்தவர், கல்யாண பாண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். “பையன் வீட்டில் ஊதும்போது சரியா தப்பான்னு நான் பார்க்கணும் சார், அதைத் தமிழ்ல எழுதித் தாங்க” என்று கேட்டார். அதற்காக எழுத ஆரம்பித்த எட்டுப் பக்கக் குறிப்புதான் என்னை உங்களிடம் கொண்டுவந்து நிறுத்தியது.

எம்பூஷர் என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். ஊதும்போது உதடு, பல், தாடை, கன்னத் தசை எல்லாம் சேர்ந்து கருவியின் வாயைச் சுற்றி அமையும் நிலைதான் அது. சாக்ஸபோனில் மேல்பல் ஊதுவாயின் மேல் லேசாக உட்காரும். கீழ் உதடு கீழ்ப்பல்லின் மேல் கொஞ்சம் மடிந்து, ரீடுக்கு (ஊதுவாயின் அடியில் பொருத்திய, காற்றில் அதிரும் மெல்லிய நாணல் தகடு) அடியில் மெத்தை மாதிரி இருக்கும். வாயின் இரண்டு ஓரங்களும் உள்நோக்கிக் கூடி, காற்று கசியாமல் சுற்றிலும் மூடும். இவ்வளவும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

புதிதாகப் பழகும் எல்லோரும் இதில் ஒரே தப்பைத்தான் செய்வோம்: கடிப்போம். கீழ்த்தாடை மேலே ஏறி ரீடை அழுத்தும். ரீடுக்கும் ஊதுவாய்க்கும் நடுவே உள்ள இடைவெளி குறுகிவிடும். சுருதி மேலே போகும், நாதம் மெலிந்து கீச்சென்று வரும். அரை மணி நேரத்தில் கீழ் உதட்டின் உள்பக்கம் பல் பதிந்து எரியும். முதல் ஆறு மாதம் நான் அந்த எரிச்சலோடுதான் வீட்டுக்குப் போனேன். ஆசிரியர் ஒவ்வொரு முறையும் “துட்டி பிகி மாட்பேட” என்பார், உதட்டை இறுக்காதே என்று. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தப் ‘பிகி’ புரியவில்லை. எனக்கே நம் ‘பிகு’வை வைத்துத்தான் புரிந்தது.

இப்போது நீங்கள் அனுப்பிய சொற்களுக்கு வருகிறேன்.

> ‘உதட்டுப்பிடி’ எளிமையாக இருக்கிறது. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். சனிக்கிழமை அந்தப் பையனிடம் “உதட்டுப்பிடியைச் சரி பண்ணு” என்றேன். உடனே இன்னும் இறுக்கிப் பிடித்தான். பிடி என்று சொன்னால் உடம்பு பிடிக்கத்தானே செய்யும்! எந்தத் தப்பைத் திருத்த வேண்டுமோ அதையே இந்தச் சொல் செய்யச் சொல்கிறது. அதோடு நம் சங்கீதத்தில் ராகத்தை அடையாளம் காட்டும் சுரக்கோவைக்கு ‘பிடி’ என்று ஏற்கெனவே பெயர் இருக்கிறது. ஒரே வகுப்பில் இரண்டு பிடி வேண்டாம்.

‘உதட்டமைப்பு’ என்றால் பிறவியில் அமைந்த உதட்டின் வடிவம் என்று ஆகிவிடும். ‘அவளுக்கு உதட்டமைப்பு சரியில்லை’ என்று ஒரு பெண் குழந்தையைப் பற்றி எழுத எனக்கு மனம் வராது. பழகினால் மாறக்கூடிய ஒன்றைப் பற்றித்தான் பேசுகிறோம். ‘வாய்க்கட்டு’ என்று ஒரு நண்பர் சொன்னார். தாளக்கட்டு, உடற்கட்டு என்கிற அழகான வரிசையில் வருகிறது, எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வாயைக் கட்டுவது என்றால் நம் வீடுகளில் சர்க்கரை நோய்க்காரர் செய்வது. அந்த நினைவு போகாது.

‘முகத்துவாரம்’ என்று எழுதியவர் பிரெஞ்சு தெரிந்தவராக இருக்க வேண்டும். அந்த மொழியில் எம்பூஷர் என்பது ஆறு கடலில் சேரும் வாயையும் குறிக்கும். அவர்களுக்கு அது பொருந்துகிறது. நமக்கு முகத்துவாரம் என்றால் மணல்மேடும் படகும்தான் கண்ணில் வரும்.

சொல் தேடுவதற்கு முன்னால் நாதஸ்வரக்காரர்களைக் கேட்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அதற்குக் காரணமும் உண்டு. நம் சங்கீதத்துக்குள் சாக்ஸபோன் ஒரு நாதஸ்வர வீட்டின் வழியாகத்தான் வந்தது. சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்துப் பெயர்பெற்ற கத்ரி கோபால்நாத்தின் தந்தை நாதஸ்வர வித்வான். மகன் மைசூர் அரண்மனை பாண்டு வாத்தியத்தில் சாக்ஸபோனைக் கேட்டு அதன் பக்கம் போனார். 1994-இல் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில், பி.பி.சி. புரோம்ஸ் இசைவிழாவில் அதில் கர்நாடக சங்கீதம் வாசித்தார். 2019 அக்டோபரில் அவர் மறையும்வரை தென்னிந்தியாவில் சாக்ஸபோன் என்றாலே அவர் முகம்தான். இன்றைக்குப் பெங்களூரில் எத்தனையோ கல்யாணங்களில் நாதஸ்வரம் உட்கார்ந்த இடத்தில் சாக்ஸபோன் உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் அதே தவில். பாரிஸில் 1846-இல் அடால்ஃப் சாக்ஸ் காப்புரிமை வாங்கிய கருவிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நம் ஊரில் அது உட்கார்ந்திருப்பது நாதஸ்வரத்தின் மேடையில். சொல்லையும் அங்கேதான் முதலில் தேட வேண்டும்.

தேடினால் நிறையவே கிடைக்கிறது. ரீடுக்குச் சீவாளி இருக்கிறது. நாதஸ்வரச் சீவாளி இரட்டை நாக்கு, சாக்ஸபோனுடையது ஒற்றை. அதனால் ‘ஒற்றைச் சீவாளி’ என்று எழுதியிருக்கிறேன். இரண்டும் நாணல் வகைதான். அவர்களுடைய நாணல் பிரான்சின் தெற்கே வார் பகுதியில் பெயர்போனது, நம்முடையது காவிரிக் கரையில். இரண்டையும் சீவித்தான் பதப்படுத்துகிறார்கள், அந்தச் சீவுகிற வினை சொல்லுக்குள்ளேயே கேட்கிறது. நாக்கால் சுரத்தைத் தட்டி வெட்டும் முறைக்கு நாதஸ்வரத்தில் துத்துக்காரம் என்று பெயர். ஊதிப் பாருங்கள், நாக்கு ‘து’ என்றுதான் போகும்! ஒரே சுரத்தை நீளமாக நிறுத்தும் பயிற்சிக்குக் கார்வை போதும். கருவியின் விரிந்த வாய்க்கு அணைசு. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் குழலைப் பற்றிச் சொல்லும் இடத்திலேயே அந்தச் சொல் இருக்கிறது. ஊதும் துளைக்கு அவர் சொல்வது முதல்வாய். இத்தனை சொல் வீட்டில் இருக்கும்போது அணைசுக்கு ‘மணி’, துத்துக்காரத்துக்கு ‘நாக்கடிப்பு’ என்று ஆங்கிலத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்தேனே என்று வருத்தமாக இருந்தது. பித்தளையில் செய்த சாக்ஸபோனை ஆங்கிலத்தில் மரக்கருவிக் குடும்பத்தில் சேர்ப்பதையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். துளைக்கருவி என்றால் முடிந்தது.

எம்பூஷருக்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை. அல்சூரில் கோயில் சேவகம் செய்யும் ஒரு நாதஸ்வரப் பெரியவரிடம் போய்க் கேட்டேன். தஞ்சாவூர்ப் பக்கம், எழுபது வயது தாண்டியவர். கொஞ்ச நேரம் யோசித்தார். “பேரெல்லாம் கிடையாது தம்பி. உதடு உட்காரணும்னு எங்க அப்பா சொல்வார். சீவாளியைக் கவ்வக் கூடாது, அணைச்சுக்கணும். குழந்தையை இடுப்புல வெச்சுக்கிற மாதிரி. விட்டாலும் விழும், நெரிச்சாலும் அழும்” என்றார்.

அந்த ‘அணைச்சுக்கணும்’ என்ற சொல் வீடு வரைக்கும் என்னோடு வந்தது.

உதட்டணை.

உதட்டால் அணைப்பது என்பது முதல் பொருள். தலையணை, பஞ்சணை என்று சொல்லும்போது அணை என்றால் மெத்தை. கீழ் உதடு சீவாளிக்கு அதுதான். நீரைத் தேக்கும் அணையும் இதில் இருக்கிறது, காற்றை ஓரங்களில் கசியவிடாமல் நிறுத்துவதும் உதடுதானே. இதில் எந்தப் பொருளை எடுத்துக்கொண்டாலும் உடம்பு சரியானதைச் செய்யும், எதுவும் கடிக்கச் சொல்லாது. ‘உதட்டணை தளர்ந்துவிட்டது’, ‘உதட்டணை இறுகிவிட்டது’, ‘கார்வை முழுக்க உதட்டணை மாறாமல் இருக்கட்டும்’ என்று வாக்கியத்திலும் தடையில்லாமல் உட்காருகிறது. கமகம் சொல்லித்தரும்போது இது இன்னும் அவசியம். சாக்ஸபோனில் சுரத்தை வளைப்பதில் விரலோடு உதடும் தொண்டையும் சேர்ந்து வேலை செய்கின்றன. ‘இங்கே உதட்டணையைக் கொஞ்சம் இளக்கு’ என்றால் எதைச் செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும்.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அல்சூரிலிருந்து

---

தம்பிக்கு,

சொல் நன்றாக இருக்கிறது. முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் மூன்று கேள்விகள் கேட்கிறேன். அணை என்றதும் ‘விளக்கை அணை’ நினைவுக்கு வராதா? உதடு என்பதைவிட ‘இதழணை’ காதுக்கு மென்மையாக இல்லையா? சாக்ஸபோனுக்குச் சரி, சீவாளியே இல்லாத புல்லாங்குழலுக்கும் உங்கள் ஊர் டிரம்பெட்டுக்கும் இந்தச் சொல் பொருந்துமா? பொருந்தாவிட்டால் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சொல் தேட வேண்டிவரும்.

ஜெயநகரிலிருந்து

---

அம்மாவுக்கு வணக்கம்.

தலையணை என்று சொல்லும்போது யாருக்கும் விளக்கு நினைவுக்கு வருவதில்லை. முன்னால் வரும் சொல் பொருளைப் பிடித்துக்கொள்கிறது. உதட்டுச்சாயம் போலவே உதட்டணையும் ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறேன்.

இதழணை கேட்க இனிமைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதழ் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குப் பூவும் பத்திரிகையும்தான். சொல்லித்தருபவர் பாடத்துக்கு நடுவே தன் வாயைத் தொட்டுக் காட்டி ‘உதடு’ என்றுதான் சொல்வார். புண்ணாவதும் உதடுதான். கவிதைக்கு இதழை வைத்துக்கொள்வோம் அம்மா.

மூன்றாவது கேள்விக்குத்தான் நான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். புல்லாங்குழலில் கீழ் உதடு முதல்வாயின் விளிம்பில் அணைந்து நிற்கிறது, மேல் உதடு காற்றைச் சின்னக் கீற்றாக்கித் துளையின் எதிர் விளிம்பில் விடுகிறது. அங்கேயும் அணைதல் இருக்கிறது, மெத்தைதான் இல்லை. டிரம்பெட்டில் உதடே அதிர்கிறது, அதாவது உதடே சீவாளி. அந்த அப்பாவிடம் கேட்டேன். “வாய் ஓரத்தை அணை கட்டுற மாதிரி நிறுத்தணும், நடுவுல மட்டும் மதகு திறக்கணும்” என்றார். நான் உதட்டணை என்ற சொல்லை அவரிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. ஆக, ஒரே சொல் போதும். கருவிக்கு ஏற்றபடி குழல் உதட்டணை, சாக்ஸபோன் உதட்டணை என்று முன்னால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நேற்று வகுப்பில் பயன்படுத்திப் பார்த்தேன். ஊதுவாயை மட்டும் தனியே கழற்றி, பிள்ளைகளை ஊதச் சொன்னார் ஆசிரியர். ஆல்டோவில் அது மேற்கத்திய ஏ சுரத்தில் நிற்க வேண்டும், கடித்தால் மேலே ஏறும். பையனுடையது ஏறியே இருந்தது. “உதட்டணை நெரியுது, கொஞ்சம் இளக்கு” என்றேன். தாடையை இறக்கினான். சுரம் மெதுவாகக் கீழே வந்து ஆசிரியரின் கைப்பேசி காட்டிய இடத்தில் நின்றது. ஆசிரியர் என்னைப் பார்த்து “என்ன சொன்னீங்க?” என்று கேட்டார். விளக்கினேன். கன்னடத்திலும் அணை என்றால் கட்டு, தடை என்று புரியுமாம், இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

குறிப்பில் எம்பூஷர் வந்த பதினான்கு இடத்திலும் உதட்டணை என்று மாற்றிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் பழைய சொல்லையும் பக்கத்தில் வைத்திருக்கிறேன், வேறு ஆசிரியரிடம் போனால் பிள்ளைகள் திணறக் கூடாது. இனி மீதி இருப்பது விரல் அழுத்தும் பாகங்கள். சாவி என்று எழுத மனம் ஒப்பவில்லை, ஆர்மோனியத்தின் கட்டையும் பொருந்தவில்லை. துளையை மூடும் பகுதியை ‘மூடி’ என்றும், விரல் படும் பகுதியை ‘விரற்கட்டை’ என்றும் பிரிக்கலாமா என்று யோசிக்கிறேன். சீவாளியை ஊதுவாயோடு சேர்த்து இறுக்கும் வளையத்துக்கும் ஒரு சொல் வேண்டும். புதன்கிழமைக்குள் சொல்லுங்கள், வியாழன் அச்சுக்குக் கொடுக்கிறேன்.

அல்சூரிலிருந்து