‘வீனஸ்’ பாட்டுக்காரர் ராபி வான் லேவன்: யார் இவர்?

மாரத்தஹள்ளி கீபோர்டு கேட்டது:

நண்பர் ஒருவர் வீடு மாற்றும்போது பழைய இசைத்தட்டுகளை ஒரு பெட்டி நிறைய என்னிடம் தள்ளிவிட்டார். ஷாக்கிங் ப்ளூவின் ‘வீனஸ்’, பனானராமா பாடிய அதே ‘வீனஸ்’, ‘ஸ்டார்ஸ் ஆன் 45’, நிர்வாணாவின் ‘ப்ளீச்’. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத குழுக்கள். ஆனால் நான்கிலும் பொடி எழுத்தில் வான் லேவன் என்ற பெயர் இருக்கிறது. நெதர்லாந்துக்காரர் என்பது வரை தெரிந்துகொண்டேன். பாடகரா, கிடார்காரரா, தயாரிப்பாளரா? இங்கே பழைய ஆட்கள் யாராவது சொல்லுங்களேன்.

கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேலை முடிந்து வந்து லேப்டாப்பில் பாட்டுப் போடுகிற ஆள் நான். ஒரு சின்ன ஆடியோ கம்பெனி என் பாட்டு ஒன்றைக் கேட்கிறது. மொத்தமாக 25,000 ரூபாய், அத்தோடு சரி. எல்லா உரிமையும் அவர்களுக்கு, ராயல்டி கேட்க மாட்டேன் என்று கையெழுத்து வேறு போட வேண்டுமாம். பெயர் போடுவீர்களா என்றால் ‘பார்க்கலாம்’ என்கிறார்கள்.

அல்சூர் பேஸ்காரன் எழுதியது:

தம்பி, சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறீர்கள். அவர் கிடார்காரர், பாட்டு எழுதியவர், ஷாக்கிங் ப்ளூவின் தட்டுகளைத் தயாரித்தவரும் அவரே. முன்னால் நின்று பாடியது மட்டும் வேறு ஆள்.

1944-ல் ஹேக் நகரில் பிறந்தவர். அந்த ஊரைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. 1950-களில் இந்தோனேசியாவிலிருந்து வந்து குடியேறிய கலப்பினக் குடும்பத்துப் பையன்கள்தான் ஹாலந்தில் எலக்ட்ரிக் கிடாரைப் பிரபலமாக்கினார்கள். டீல்மன் பிரதர்ஸ் அதில் பெரிய பெயர். நம்ம பெங்களூர் தண்டு (கண்டோன்மென்ட்) பக்கம் காக்ஸ் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் ஆங்கிலோ இந்தியப் பையன்கள் பேண்டு கட்டி கிறிஸ்துமஸ் டான்ஸுக்கு வாசித்தார்களே, ஏறக்குறைய அதே கதை. அடுத்த பத்து வருஷத்தில் ஹேக்கில் தெருவுக்குத் தெரு குழு. கோல்டன் இயரிங் அந்த ஊர்தான். லேவன் இருந்த தி மோஷன்ஸும் அங்கேதான்.

1967-ல் ஷாக்கிங் ப்ளூவைத் தொடங்கினார். முதலில் ஆண் பாடகர். அடுத்த வருஷம் மரிஸ்கா வேரஸ் வந்து சேர்ந்தார், ஹங்கேரிய ரோமா வயலின்காரர் ஒருவரின் மகள். கரிய கூந்தல், தடித்த கண் மை, கணீரென்ற குரல். அதற்குப் பிறகு மேடையில் வேறு யாரை யார் பார்ப்பார்கள்? லேவன் ஓரமாக நின்று கிடார் வாசித்தார். ஆனால் பாட்டெல்லாம் அவர் பெயரில்.

‘வீனஸ்’ 1969-ல் வந்தது. 1970 பிப்ரவரியில் அமெரிக்காவில் முதலிடம். அதுவரை எந்த டச்சுக் குழுவும் அங்கே முதலிடம் போனதில்லை. குழு 1974-ல் கலைந்துவிட்டது. பாட்டு கலையவில்லை.

இப்போது உங்கள் ‘ஸ்டார்ஸ் ஆன் 45’ தட்டுக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பழைய ஹிட் பாட்டுகளை ஒட்டி நடனத்துக்காகச் செய்த திருட்டுத் தட்டு ஒன்று ஹாலந்துக் கடைகளில் ஓடிக்கொண்டிருந்தது. ‘வீனஸ்’ பாட்டின் உரிமையை வைத்திருந்தவர் வில்லம் வான் கூட்டன். அவர் ஒரு கடையில் இதைக் கேட்கிறார். தன் பாட்டு, தன்னிடம் யாரும் கேட்கவில்லை! நாமாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்போம். அவரோ, முறையாக நாமே ஒன்று போட்டுவிடுவோம் என்று கோல்டன் இயரிங்கின் பழைய டிரம்மர் யாப் எகர்மாண்டைத் தயாரிப்பாளராகப் போட்டார். அசல் ஒலிப்பதிவுகளைத் தொடவே இல்லை. லெனான் மாதிரி, மெக்கார்ட்னி மாதிரி பாடத் தெரிந்த உள்ளூர் ஆட்களைக் கொண்டு எல்லாவற்றையும் புதிதாகப் பாட வைத்தார்கள். அடியில் கைதட்டல் மாதிரி ஒரே தாளம், முதல் துண்டு ‘வீனஸ்’. 1981 ஜூனில் அமெரிக்காவில் அதுவும் முதலிடம். உள்ளே இருக்கும் பாட்டுகளின் பெயரை எல்லாம் தலைப்பிலேயே போட வேண்டி வந்ததால் அமெரிக்கத் தலைப்பு 41 சொல் நீளம்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். அசல் தட்டைப் பயன்படுத்தவில்லை என்றால் தட்டுக் கம்பெனிக்குக் காசு கிடையாது. பாட்டை எழுதியவருக்கு உண்டு. பாட்டு வேறு சொத்து, தட்டு வேறு சொத்து. 1986-ல் பனானராமா பாடி மூன்றாவது முறை முதலிடம் போனபோதும் அப்படித்தான். பாவம் மரிஸ்கா, உலகமே அடையாளம் கண்ட குரல் அவருடையது. மற்றவர்கள் பாடிய தட்டுகளில் குரலுக்கு என்ன பங்கு?

நிர்வாணா சமாச்சாரமும் அதேதான். 1988-ல் அவர்கள் போட்ட முதல் சிங்கிள் ‘லவ் பஸ்’ லேவனின் பாட்டு, 1969-ல் ஷாக்கிங் ப்ளூ ஆல்பத்தில் மூலையில் கிடந்தது. அந்தப் பாட்டைத் தூக்கி நிறுத்துவது பேஸ் கிடார். பேஸ்காரன் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், போட்டுக் கேளுங்கள். அந்த ஆல்பத்தில் லேவன் சிதாரும் வாசித்திருக்கிறார்; கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயரின் ‘அக்கா ராகா’ என்ற இசையையும் வாசித்து வைத்திருக்கிறார்.

நான் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்த நாட்களில் சிவாஜிநகரில் கேசட் பதிந்து தரும் கடைகள் இருந்தன. சீட்டில் பாட்டுப் பெயர் எழுதிக் கொடுத்தால் சாயங்காலம் டிடிகே கேசட் ரெடி. கடைக்காரருக்கு லாபம், நமக்குச் சந்தோஷம். இசையமைத்தவரை யார் நினைத்தோம்?

டின் ஃபேக்டரி டிரம்மர் எழுதியது:

அண்ணா, எல்லாம் சரி. ஆனால் ‘வீனஸ்’ அவர் சொந்த மெட்டு மாதிரி எழுதுகிறீர்களே? 1963-ல் தி பிக் த்ரீ பாடிய ‘தி பாஞ்சோ சாங்’ கேட்டுப் பாருங்கள். அப்படியே இருக்கும். திருடியவருக்கு ராயல்டி, அதற்கு நாம் கைதட்டலா?

அல்சூர் பேஸ்காரன் எழுதியது:

கேட்டிருக்கிறேன் தம்பி. எடுத்ததுதான், அதில் சந்தேகமே வேண்டாம். அந்தக் குழுவின் டிம் ரோஸ், 1848-ல் வந்த ‘ஓ சுசன்னா’வின் வரிகளுக்கு வேறு மெட்டுப் போட்டார். வரிகள் இரவல், மெட்டு அவருடையது. லேவன் அந்த மெட்டை எடுத்துக்கொண்டு வரிகளை மாற்றினார். ரோஸின் பெயரையும் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. போடவில்லை. அது அழகில்லை.

ஆனால் தயாரிப்பாளராக அவர் செய்ததைத் தள்ளிவிடாதீர்கள். கிடாரைக் கையில் எடுங்கள். ஆரம்பத்தில் வெட்டி வெட்டி வருவது பி செவன் சஸ் ஃபோர் என்ற கார்டு, அதாவது ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு. பிறகு ஈ மைனர், ஏ மேஜர் என்று மாறி மாறிப் போகும். ஈயை ஸட்ஜமாக வைத்தால் அது கரகரப்ரியா நடை, சதுஸ்ருதி தைவதம். கோரஸில் ஏ மைனர் வந்த உடனே தைவதம் சுத்தமாகி நடபைரவிப் பக்கம் சாய்கிறது. அந்த ஒரு ஸ்வரம் இறங்குவதில்தான் பாட்டு நிமிர்கிறது. அதற்கு நடுவில் எலக்ட்ரிக் பியானோ, மேலே மரிஸ்காவின் தட்டையான, கெஞ்சாத குரல். பாஞ்சோ பாட்டை அவர் எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்று பாருங்கள். அதை எல்லோராலும் செய்துவிட முடியாது.

ராஜாஜிநகர் வக்கீல் எழுதியது:

கேள்வி கேட்ட தம்பிக்கு. லேவன் கதை சுவாரஸ்யம்தான், அதற்குள் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

2012-ல் நம் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒலிப்பதிவில் இடம்பெறும் பாட்டின் இசையமைப்பாளரும் பாடலாசிரியரும், தங்கள் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. உரிமையை வாங்கியவரோடு சரிபாதி. ஆகவே ‘ராயல்டி கேட்க மாட்டேன்’ என்ற வரியை அடிக்கச் சொல்லுங்கள். 25,000-ஐ முன்பணம் என்று எழுதச் சொல்லுங்கள்.

எத்தனை வருஷத்துக்கு, எந்தெந்த நாட்டுக்கு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். எழுதாவிட்டால் சட்டப்படி 5 வருஷம், இந்தியாவுக்கு மட்டும் என்று ஆகும். அது உங்களுக்கு நல்லதுதான், நீங்களாகப் போய் நிரப்பாதீர்கள். அந்தப் பேஸ்கார அண்ணா சொன்ன பாட்டு, தட்டு வித்தியாசம் இங்கேயும் உண்டு. ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம். பாட்டின் உரிமை, உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 60 வருஷத்துக்கும்.

ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் உறுப்பினராகிப் பாட்டைப் பதிவு செய்யுங்கள். பாட்டு எழுதியவர்களுக்காக ராயல்டி வசூலித்துத் தரும் சங்கம் அது, மும்பையில் 1969-ல் தொடங்கியது. ஹாலந்தில் இந்த வேலையைச் செய்யும் பூமா 1913-லேயே வந்துவிட்டது; அவர்கள் பாட்டுக்காரர்கள் கணக்கில் புலியாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. பெயர் போடுவதற்கு ‘பார்க்கலாம்’ என்கிறவர்களிடம், பெயரைச் சேர்க்காமல் பேச்சே வேண்டாம்.

மாரத்தஹள்ளி கீபோர்டு எழுதியது:

அக்கா, ரொம்ப நன்றி. ஒப்பந்தத்தில் காலம் எழுதும் இடம் காலியாகத்தான் இருக்கிறது, அப்படியே விட்டுவிடுகிறேன். அல்சூர் அண்ணா, 1974-க்குப் பிறகு அவர் என்ன செய்தார்? சும்மா உட்கார்ந்து காசு எண்ணினாரா?

அல்சூர் பேஸ்காரன் எழுதியது:

எண்ணியிருந்தால்கூட யார் கேட்பார்கள்! ஆனால் சும்மா இல்லை. காலக்ஸி லின் என்று ஒரு குழு ஆரம்பித்து மாண்டலினைக் கையில் எடுத்தார். நாட்டுப்புறமும் ஜாஸும் கலந்த சமாச்சாரம், பெரிதாக ஓடவில்லை. பிறகு மிஸ்ட்ரல். பெண் குரல், சின்தசைசர், டிஸ்கோ காலத்துப் பளபளப்பு. 1977-ல் ‘ஜேமி’, 1978-ல் ‘ஸ்டார்ஷிப் 109’ ஹாலந்தில் நன்றாகப் போயின. எனக்கு மாண்டலின் தட்டுகள்தான் மேல். ‘ஜேமி’ கேட்டால் ஒரு கீபோர்டுக்காரர் என்கிற முறையில் உங்களுக்குப் பிடிக்கலாம். பெட்டியில் மிஸ்ட்ரல் தட்டு ஏதாவது தட்டுப்பட்டால் சொல்லுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன்.